விஜயபாண்டி வாங்கின கார்டு

கம்ப்யூட்டர் கடை மேஜையில் இருந்த பெட்டியின் மேல் 'விஜயபாண்டி' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் கௌதம்ராஜுக்கு வயிறு எரிந்தது.

பேரைத் தடவிப் பார்த்தான். மை விரலில் ஒட்டிக்கொண்டது. பேண்ட்டில் துடைத்தபடி, "இது என்ன கார்டு பால்ச்சாமி?" என்று கடைக்காரனிடம் கேட்டான், ரொம்ப அக்கறை இல்லாதவன் போல.

"புதுசா வந்த கிராபிக்ஸ் கார்டுண்ணே. இதைப் போட்டா வீடியோ எடிட்டிங் பறக்கும். விஜயபாண்டியண்ணன் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காவ. சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுவாவ."

கௌதம்ராஜுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ. விஜயபாண்டிக்கு இங்கே ராஜபாளையத்தில். கம்ப்யூட்டரை மண்டபத்துக்கே தூக்கிக்கொண்டு போய், தாலி கட்டியதைச் சுடச்சுட எடிட் செய்து, பந்தி முடிவதற்குள் திரையில் போட்டுக் காட்டுவதற்குத்தான் இப்போது இரண்டு ஊரிலும் மவுசு.

போன மாதம் வத்திராயிருப்பில் ஒரு கல்யாணம். கௌதம்ராஜின் கம்ப்யூட்டர் திணறி, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் இடத்திலேயே படம் நின்றுவிட்டது. "விஜயபாண்டியக் கூப்பிட்டிருக்கலாம்" என்று பெண்ணின் அப்பா ஐயாதுரை மண்டபமே கேட்கச் சொன்னார்.

தொழிலில் ஆயிரம் திட்டு வாங்கியவன்தான். ஆனால் அந்தப் பேரைச் சொல்லித் திட்டியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஐயாதுரையின் இளைய மகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கடைசி வாய்ப்பு.

சட்டைப்பையில் மனைவி செல்வலட்சுமி கொடுத்த சீட்டு இருந்தது. ஸ்டுடியோவில் எடிட்டிங் முழுக்க அவள்தான். கம்ப்யூட்டரில் கார்டைச் சொருகும் மதர்போர்டு பழசு; அதற்குப் பொருந்துகிற கார்டு எது என்று நாலு இடத்தில் விசாரித்து எழுதியிருந்தாள்.

சீட்டை வாங்கிப் படித்தான் பால்ச்சாமி. "அக்கா எழுதினது சரிதாண்ணே. ஒங்க போர்டுக்கு இதுதான் தோது. அந்தப் புதுக் கார்டு, புது போர்டுக்குன்னே செஞ்சது. பழசுல சொருகலாம், ஓடவும் செய்யும். ஆனா முழு வேகம் வராது."

"அப்ப விஜயபாண்டி மட்டும் எதுக்கு அதை வாங்குதான்?"

"அது அவியளுக்குத்தான் தெரியும்." பால்ச்சாமி ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைத்தான். "இனிமே ஒரு பயலும் எம்பக்கத்துல நிக்க முடியாதுன்னு சொன்னாவ."

கௌதம்ராஜுக்குக் காது சூடாகிவிட்டது. யாரந்தப் பயல் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

"அக்கா கோவிச்சுக்கிடுவாவண்ணே."

"ஏலே, இருக்கா இல்லையா?"

"ரெண்டே பீஸ்தான் வந்துச்சு. ஒண்ணு உள்ள கிடக்கு. ஆனா பெட்டியில ஒட்டின சீல் ஸ்டிக்கரைப் பிரிச்சாச்சுன்னா திருப்பி எடுக்க மாட்டோம், பாத்துக்கிடுங்க."

பெட்டி வந்ததும் ஸ்டிக்கரை நகத்தாலேயே கிழித்தான் கௌதம்ராஜ். கார்டு பளபளவென்று இருந்தது. விஜயபாண்டியிடம் இருக்கப்போவது இப்போதே தன்னிடம் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் பழைய போர்டாவது, வேகமாவது! செல்வலட்சுமியைச் சமாளிக்கப் பொய் ஒன்றும் தயாராகிவிட்டது.

படியிறங்கி பைக்கைக் கிளப்பும்போதுதான் ஹெல்மெட்டைக் கடையிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. திரும்பவும் ஏறி வந்தான்.

பால்ச்சாமி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, போனில் யாரிடமோ உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னும் என்ன யோசனை விஜயபாண்டியண்ணே? கௌதம்ராஜண்ணனே அந்தக் கார்டைத்தான் வாங்கிட்டுப் போறாவ!"