அம்மாவுக்கு ரெஸ்ட்

விழுப்புரத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற வேணி, திண்டிவனத்துத் தம்பி வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்ததும் கத்தினாள்.

"அடிப்பாவி ஆர்த்தி! கை முடியாத அம்மாவைக் காய் அரிய விட்டுட்டு, நீ ஹால்ல போன் பாத்துக்கினு இருக்கியா?"

ஆர்த்தி பதறி எழுந்தாள். "இல்ல அண்ணி, அத்தைதான் நானே செய்யறேன்னு..."

"பேசாத! அம்மாவால ஒரு டம்ளரைக்கூட கெட்டியா புடிக்க முடியாது."

காந்திமதியம்மாள் நிமிரவே இல்லை. பலகையில் நீட்டியிருந்த ஆணிகளில் கத்தரிக்காயைக் குத்தி நிறுத்தி, தடித்த ரப்பர் பிடி போட்ட கத்தியை லேசாக அழுத்தினார். காய் துண்டாகி விழுந்தது.

"எல்லாம் ஆர்த்தி ஆன்லைன்ல தேடி வாங்கிக் குடுத்ததுடி. பாட்டில் மூடி தெறக்கக்கூட ஒண்ணு இருக்குது. ரொம்ப நாள் கழிச்சு இப்பதான் என் கையால கொழம்பு வெச்சு சாப்புடறேன்."

"உன்கிட்ட வேலை வாங்கத் தந்திரம்மா இது! கெளம்பு. எங்க வீட்ல நீ ஒரு துரும்பைக்கூட நகத்த வேணாம்."

தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஓடி வந்து, "பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும்" என்று உருகினாள். ஆர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

வேணியே அம்மாவின் புடவைகளைப் பையில் திணித்தாள். காந்திமதியம்மாளுக்குப் போக மனமே இல்லை. ஆனால் மாட்டேன் என்றால், மருமகள்தான் தடுத்துவிட்டாள் என்று பேச்சு வரும். அதுவும் பாஞ்சாலி இருக்கும் தெருவில். செருப்பை மாட்டினார்.

படி இறங்கிய வேணி, திரும்பினாள்.

"ஆர்த்தி, அந்தக் கத்தி, பலகை, மூடி தெறக்கறது எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு ஜல்தியா குடு."

"ரெஸ்ட் எடுக்கப் போறவங்களுக்கு அது எதுக்கு அண்ணி?"

"ஆடி வெள்ளிக்கு எங்க வீட்ல கூழ் ஊத்தறோம். எங்க மாமியார் வீட்டு ஜனம் பூரா வருது. வெங்காயம் மூட்டையா கெடக்குது. வேலைக்காரி வேற நின்னுட்டா. ஒரே பேஜாரு!"

பாஞ்சாலி சத்தமில்லாமல் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

காந்திமதியம்மாள் செருப்பைக் கழற்றினார். ஆர்த்தி கொண்டுவந்த கவரை வாங்கி மகள் கையில் வைத்தார்.

"எடுத்துக்கினு போடி. எனக்கு ஆர்த்தி வேற வாங்கித் தருவா. கை முடியாதவங்களுக்குத்தான் இதெல்லாம் செய்யறாங்களாம். என்னைவிட உனக்குத்தான் அவசரமா வேணும்."