ரோபோவுக்கு வாசனை தெரியாது

"இந்தப் புத்தகத்துலயும் ஒரு தப்பு வந்துச்சுன்னா, நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்!"

பதிப்பாளர் மேஜையில் தட்டிய தட்டில் தேநீர் தளும்பியது. பிழைதிருத்துபவள் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த அச்சுத்தாள்களை இழுத்துக்கொண்டாள்.

எழுத்தாளருக்கு என்ன, வருஷத்துக்கு மூன்று நாவல் எழுதித் தள்ளுகிறார். எல்லாம் ரோபோ கதைகள். ஒன்றிலிருந்து அடுத்தது என்று சங்கிலிபோல நீளும். கடைசியாக வந்த ஐந்திலும் முன்கதைக்கு ஒட்டாமல் ஏதோ ஒன்று இருந்து தொலைத்தது. அதைத் தவறாமல் கண்டுபிடித்து, 'அங்கே எல்லோரும் தூங்குகிறீர்களா?' என்று கடிதம் போடுவார் ஒரு வாசகர். ஆபீஸில் அவருக்குக் 'கொக்கி' என்று பெயர்.

"அந்தக் கொக்கி கண்ணுக்குத் தெரியறது, சம்பளம் வாங்கற உங்களுக்கு ஏன் தெரியலை?"

சுருக்கென்றது அவளுக்கு. இதுவரை வந்த இருபத்திரண்டு நாவல்களையும் புது நாவலின் அச்சுப்படியையும் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனாள். எந்த ரோபோவுக்கு எப்போது எந்தப் பாகம் பழுது என்று சமையலறைச் சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டினாள். கணவர் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டார். விவரமானவர்.

ஒன்பதாம் நாள் சிக்கியது. எழுத்தாளர் வீட்டுக்கு ஓடினாள்.

"பிடிச்சுட்டேன் சார்! நாலாவது நாவல்ல வர்ற தீ விபத்துல, பொறுமைசாலி ரோபோவுக்கு வாசனையே தெரியாமப் போயிடுது. இதுல நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல 'மண் வாசனை வருதே'ங்குது!"

அவர் முகம் மலர்ந்தது. "பலே! நல்ல கண்ணும்மா உங்களுக்கு. ஆனா அது அப்படியே இருக்கட்டும்."

"என்ன சார்?"

"திருத்த வேண்டாம்."

பெரிய மனுஷன் என்றால் தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாதோ? அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "உங்களுக்கு வீம்பு. எனக்கு வேலை போயிடும் சார்."

"போகாது." பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதினார்: 'பிழை என்னுடையது. இவர் கண்டுபிடித்தார். நான்தான் திருத்த விடவில்லை.' கையெழுத்தும் போட்டார்.

"ஏன்னு மட்டும் கேட்காதீங்கம்மா. அது இன்னொருத்தர் சமாச்சாரம்."

அதைப் பார்த்த பதிப்பாளர் புத்தகத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினார். வேலை தப்பியது. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒன்பது நாள் பாடு, விழலுக்கு இறைத்த நீர்.

புத்தகம் வெளியான பதினெட்டாம் நாள், வாசகர் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கொக்கி!

'கண்டுபிடித்துவிட்டேன்! வாசனை தெரியாத ரோபோவுக்கு மண் வாசனையா? யாரிடம் கதை விடுகிறீர்கள்?'

பல்லைக் கடித்துக்கொண்டு உறையைத் தூக்கிப் போடப் போனாள். உள்ளேயிருந்து ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. வேறு கையெழுத்து.

'எழுத்தாளர் ஐயாவுக்கு. என் கணவருக்குத் தெரியாமல் இதை வைக்கிறேன். பக்கவாதத்தில் விழுந்து, யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்துக் கிடந்தவர், உங்கள் கதையில் ஒரு தவறு கண்ணில் பட்ட அன்றைக்குத்தான் பேனா கேட்டார். நான் கெஞ்சியதற்காக அதன்பிறகு ஒவ்வொரு நாவலிலும் நீங்களே ஒன்று வைக்கிறீர்கள். இந்த முறை சந்தேகம் வந்ததும் நாலாவது நாவலை எடுத்துத் தர என்னைக் கூப்பிடவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து, தானே நடந்துபோய் எடுத்தார்! பதினோரு அடி தூரம் ஐயா. ஜெயித்துவிட்டார்!

புத்தக அலமாரியை நேற்றே அடுத்த அறைக்கு நகர்த்திவிட்டேன். அடுத்த நாவலிலும் மறக்காமல் ஒரு பிழை வையுங்கள்.'