விதிவிலக்கு

"முடியாதுன்னா முடியாது, லோர்னா! எத்தனை தடவை சொல்றது?"

செனட்டர் வெர்னன் ஸ்டூல்மன், சில்லி சூப்பில் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியை முக்கியபடியே கத்தினார். அவருடைய உதவியாளர் லோர்னாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் எதற்கும் இப்படி மன்றாடியதில்லை.

சற்று நேரத்தில் மாநில செனட்டில் அவருடைய மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. அது நிறைவேறினால், அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டில் கருக்கலைப்புக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

"ஒரே ஒரு வரிதான் சேக்கச் சொல்றேன். குழந்தை பிழைக்கவே பிழைக்காதுன்னு டாக்டருங்க சொன்னா மட்டும் விதிவிலக்கு. நான் சொன்னேனே, அரசு வேலை பாக்கற ஒரு பொண்ணு, அவளை நெனச்சுப் பாருங்க. ஆசையா சுமந்த குழந்தை. அதுக்குச் சிறுநீரகமே உருவாகலையாம். பொறந்தா மூச்சுகூட விடாதாம். ஆஸ்பத்திரிச் செலவையும் அவளே கட்டணும்னா எங்க போவா?"

"டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. ஜெபம் பண்ணச் சொல்லு."

"பண்ணாமலா இருந்திருப்பா?"

"இங்க பாரு. ஒருத்திக்கு இரக்கப்பட்டா நாளைக்கு ஊரே வாசல்ல நிக்கும். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எல்லாருக்குமா? செனட்டர்களோட காப்பீட்டை மட்டும் தொடாம விட்டிருக்கீங்களே!"

"அது வேற விஷயம்," என்றவர் அவசரமாக ரொட்டியைக் கடித்தார். பிறகு சந்தேகமாக நிமிர்ந்தார். "ஆமா, நீ ஏன் இப்படித் துடிக்கற? அவ யாரு, உன் மருமகளா?"

"எனக்குக் கல்யாணமே ஆகல, செனட்டர். இத்தனை வருஷமா உங்ககூடக் குப்பை கொட்டறேன், அதுகூடவா தெரியாது?"

"அப்ப யாரு? பேரைச் சொல்லேன்."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

"பாத்தியா! பேரைச் சொல்லவே கூசறவளுக்காக நான் சட்டத்தை வளைக்கணுமா?"

வாக்கெடுப்பு மணி அடித்தது. செனட்டர் வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. கைகுலுக்கி, புகைப்படங்களுக்குச் சிரித்து, பேட்டியும் கொடுத்துவிட்டு அவர் அறைக்குத் திரும்பியபோது லோர்னா மேஜையில் தலைகவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கியா? சரி, இப்பவாவது சொல்லு. யார் அவ?"

"ஓட்டு முடியற வரைக்கும்தான் சத்தியம். இனிமே சொல்லலாம்." லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க பொண்ணு, பெத்தனி."

செனட்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "பெத்தனியா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தா? அடிப்பாவி! என் பொண்ணுன்னு முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, ஒரு வரி என்ன, பத்து வரி சேத்திருப்பேனே!"

"நானும் அதைத்தான் அவகிட்டச் சொன்னேன், செனட்டர். 'பேரைச் சொல்லாமக் கேளுங்க. முன்பின் தெரியாத ஒருத்திக்கு எங்கப்பா என்ன செய்வார்னு எனக்குத் தெரியணும்'னுட்டா."