கிராஃப் தாளில் ஒரு கோடு

பெல்ட்டின் பக்கிள் மகளின் முழங்கையைக் கிழித்தது. வீட்டுப்பாடம் போட்டிருந்த கிராஃப் தாளில் ரத்தம் சொட்டியது.

“கணக்கு சரிதாம்பா. எக்ஸ் ஜீரோன்னா ஒய் ஆறு. எக்ஸ் மூணுன்னா ஒய் ஜீரோ. ரெண்டு புள்ளியையும் சேர்த்தா இந்தக் கோடுதான் வரும்.”

“எதிர்த்தா பேசுற?”

மறுபடியும் பெல்ட். தடுக்க வந்த அம்மாவைக் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார் அப்பா. மூட்டை தூக்கிப் பழகிய கை.

“டீச்சர் சொன்ன மாதிரிதாம்பா போட்டேன். எதுக்கு அடிக்கிறேன்னு சொல்லிட்டாவது அடிப்பா.”

பெல்ட் நின்றது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

“எழுத்துதாண்டி எனக்குத் தெரியாது. கோடு தெரியும். எங்க குடோன் ஆபீஸ் சுவத்துல மொதலாளி மாசாமாசம் இந்த மாதிரி கோடு போட்ட தாள மாட்டுவான். கோடு மேல ஏறுனா எல்லாருக்கும் டீ வாங்கித் தருவான். இப்படிக் கீழ எறங்குனா அன்னைக்கே நாலு பேர வெளிய தள்ளுவான். உன்னையும் ஸ்கூல்லேர்ந்து வெளிய தள்ளிட்டா, என்ன மாதிரி மூட்டை தூக்குவியா?” சொல்லிக்கொண்டே அழுதார்.

மகள் அந்தச் சரியான கோட்டை ரத்தத்தோடு சேர்த்து அழித்தாள். இடது கீழ்மூலையிலிருந்து வலது மேல்மூலைக்கு ஒன்று இழுத்தாள்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்படிப் படிம்மா.”

நாளைக்கு டீச்சர் ஸ்கேலால் விளாசுவார். பெல்ட்டுக்கு அது தேவலை.