வாட்ச் மேல் தப்பில்லை

ஒரு வாரமாக, நேரத்துக்கு வந்தவர்களுக்கும் கம்ப்யூட்டர் 'லேட்' போட்டு அரைநாள் லீவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸே கொதித்துப்போயிருந்தது.

மேனேஜர் அறையில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினாள் சிஸ்டம் அட்மின்.

"எல்லா கம்ப்யூட்டரும் பத்து நிமிஷம் முன்னாடி ஓடுது சார்."

"எவன் பார்த்த வேலை அது?"

இன்னொரு கட்டளையைத் தட்டினாள். "எல்லாமே ஒரே கம்ப்யூட்டர்கிட்டதான் நேரம் கேக்குது சார். அது உங்களோடது."

"அதுல நான்தானே தினம் வாட்ச்சைப் பார்த்து டைம் வைக்கிறேன். இன்டர்நெட்டையெல்லாம் எவன் நம்புவான்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இனிமே இன்டர்நெட்லேர்ந்தே எடுக்கட்டும் சார்" என்று அவசரமாக மாற்றிவிட்டு, நழுவப் பார்த்தாள்.

"நில்லுங்க மேடம். அப்ப என் வாட்ச் தப்புங்கிறீங்களா?"

கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வாட்ச் மேல தப்பில்லைங்க. போன வாரம் நான்தான் முன்னாடி தள்ளி வச்சேன். தினம் காலையில உங்க போர்வையை உருவி எழுப்பறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுது."