வலப்பக்கச் சுவரில் அவரை

மொட்டைமாடிக் கயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

கீழே பக்கத்து வீடு முழுதாகத் தெரிந்தது. உயிர்த் தோழியின் வீடு.

கணவன் விட்டுப் போனதிலிருந்து தினமும் சாயங்காலம் இவள் அழுவது அந்த வீட்டின் இடப்பக்கச் சுவரில் கையூன்றித்தான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதில் சுவர். அந்தப் பக்கம் நின்று தோழி கேட்பாள்.

"எல்லாத்தையும் கொட்டிடுடி. கேக்க நான் இருக்கேன்ல?"

வேறு யாரிடம் போய் அழ முடியும்?

மழைக்குப் பிறகு அந்தச் சுவரில் தோழி அவரைக்கொடி ஏற்றினாள். முதல் காய் உனக்குத்தான் என்றாள்.

சில வாரங்களாக இவளுக்கு முழங்கை வரை அரிப்பு. சோப்பை மாற்றினாள், டாக்டரை மாற்றினாள். தோழி பதறிப்போய்ச் சுவர் வழியாகவே களிம்பு நீட்டினாள். அரிப்பு தாங்காமல், சுவரோரம் நிற்கும் நேரம் தானாகக் குறைந்தது.

இன்று காலை ஒரு காய் இந்தப் பக்கம் விழுந்திருந்தது. பழுப்பு ரோமம் மூடிய, வளைந்த காய்.

பூனைக்காலி. மேலே பட்டால் தோலை உரித்துப் போட்டுவிடலாம் போல அரிக்கும்.

விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் இவள். விதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். இலையில் என்ன தெரியும்? அவரை, பூனைக்காலி இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் மூன்று மூன்று இலை.

பாவம், எப்படியோ ஒரு விதை தப்பி முளைத்துவிட்டது, அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

மாடியிலிருந்து பார்த்தால், இடப்பக்கச் சுவர் முழுக்கப் பூனைக்காலி. பேருக்குக்கூட ஓர் அவரை இல்லை.

வலப்பக்கச் சுவர் முழுக்க அவரை. தட்டைத் தட்டையாக, பச்சைப் பசேலென்று. பேருக்குக்கூட ஒரு பூனைக்காலி இல்லை.

அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு, அடுத்த வீட்டுக்காரியோடு தோழி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? போதும்டி என்று தோழி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவள் அழாமல் இருந்திருப்பாளே.

மழைக்கு முன்னால் ஒருநாள் தோழி இரண்டும் கலந்த ஒரு கை விதையைக் கொண்டுவந்து, பிரித்துத் தரச் சொன்னாள்.

ஒன்றுகூடத் தப்பாமல் பிரித்து, இரண்டு பொட்டலமாகக் கட்டி, "இது அரிக்கும்டி, தூக்கிப் போட்டுடு" என்று ஒன்றைத் தனியாக நீட்டியது இவள்தான்.