முறிந்த பெடல்

மார்கழி தன் பனிப்போர்வையை நல்லூர்த் தெருக்களின்மேல் மெல்ல விரித்திருந்தது. பனியன் கம்பெனிகளின் தகரக் கூரைகள் நனைந்து மௌனித்திருந்தன. கோயிலில் எழுந்த திருப்பாட்டு, உறங்குவோரை வாசல்தோறும் நின்று அழைத்துக்கொண்டிருந்தது.

அடுக்களையில் சாமியப்பன் குந்தி அமர்ந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். காலால் மிதித்தால் மூடி திறக்கும் தொட்டி. அதன் பெடல் இரண்டாய் முறிந்திருந்தது.

“பெருச்சாளி வேலதான். தெனமும் விடியால டக்கு டக்குன்னு இதத்தான் உருட்டியிருக்குது. பொறி வெச்சும் சிக்கல பாரு!”

அவன் மனைவி விஜயராணி சுவரைப் பற்றி நின்றாள். உதட்டோரம் மட்டும் துடித்தது.

ஆடியில் வண்டி சறுக்கி விழுந்தது முதல் அவளது வலக்கால் வலுவிழந்திருந்தது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினின் பெடலை மிதிக்க இயலாமல் வீட்டோடு இருந்தாள். தை பிறந்தால் அவள் இடத்துக்கு வேறொரு டைலர் வந்துவிடுவாள்.

“புதுசே வாங்கிக்கலாம் கண்ணு. பெடல் இல்லாததா.”

மிதிக்க வேண்டிய எதுவும் அவள் கண்ணில் படலாகாது. அதை மட்டும் அவன் சொல்லவில்லை.

“வேண்டாமுங்க. இதையே கம்பி வெச்சுக் கட்டிக் குடுங்க. பெடல் வேணுமுங்க.”

“எதுக்கு, பெருச்சாளிக்கா?”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முக்காலியில் அமர்ந்து, தரையில் ஊன்றியிருந்த அவன் கைமேல் வலக்காலை வைத்து அழுத்தினாள்.

அவன் விரல்கள் நசுங்கின.

மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துவிட்ட கால். அதன் கனம் அவனுக்குத் தெரியும். இது கனமன்று, வலிமை.

“தேங்காச் சில்லு வெச்சா நான் பொறியில விழுந்துருவனுங்களா? இத மிதிச்சு மிதிச்சுப் பழகி முழுசாச் சரியாகட்டும், சொல்லிக்கலாமுன்னு இருந்தேன். அதுக்குள்ள இது ஒடைஞ்சு காட்டிக் குடுத்துருச்சு.”

சாமியப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன.

“அப்பப் புதுசுதான் கண்ணு. இரும்புப் பெடல் வெச்சது!”

முறிந்த பெடலைக் கழுவி, முருகன் படத்தின் திருவடியில் வைத்தான். அதற்குத் திருநீறு இட்டு, விரலில் எஞ்சியதை அவள் வலப்பாதத்தில் பூசினான்.

“ஐயோ, காலுக்குப் போயி…” என்று அவள் பதறி இழுத்தாள். அவன் விடவில்லை.

“நல்லா இரு கண்ணு. இன்னும் பல பெடல ஒடைக்கோணும் நீ.”